லெய்டன் நகரத்துக் குப்பி

மின்தேக்கி என்று நம் பௌதிக நூல்கள் வழங்கும் பெயர், ஏரியில் மழைநீரைத் தேக்குவதுபோல மின்சாரத்தை ஒரு பாத்திரத்துள் தேக்கிவைக்கும் கருவி என்ற எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் எளிதில் விதைத்துவிடுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்த பின்னும் இந்தப் பிழையான சித்திரம் நீங்காமல் வருந்தும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு: அக்கருவியை முதன்முதல் கையிலேந்திய வித்துவான்களும் அவ்வாறே நினைத்தார்கள், அந்நினைவு முற்றும் கலைவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், சுழலும் கண்ணாடிக் கோளத்தைக் கையால் உராய்ந்து எழுப்பிய மின்சாரம், எழுந்த சிறிது நேரத்துக்குள் மறைந்துபோவதைக் கண்ட ஐரோப்பியப் பண்டிதர்கள், அது திரவம் போன்ற பதார்த்தமாயின் குப்பியில் அடைக்கலாமன்றோ என்று எண்ணினார்கள். 1745-இல் பொமரேனியாவில் கிளைஸ்ட் என்னும் திருச்சபை அதிகாரி, மருந்துக் குப்பியொன்றில் ஆணியைச் செருகி இதை முயன்று, கையிலும் தோளிலும் பெரும் அதிர்ச்சியை அடைந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் முஸ்கென்புரூக், பட்டுநூலில் தொங்கிய துப்பாக்கிக் குழலிலிருந்து பித்தளைக் கம்பியொன்றை நீர் கொண்ட கண்ணாடிப் பாத்திரத்துள் இறக்கி, பாத்திரத்தை வலக்கையில் ஏந்தி இடக்கையால் குழலைத் தீண்டியபோது, இடியுண்டவர்போல் உடல் முழுதும் நடுங்கியதைப் பாரிஸுக்கு எழுதி, தாங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டா என்றும் எச்சரித்தார்.

இங்கே நின்று கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. மின்னேற்றப்படும் பொருளைத் தரையோடு தொடர்பின்றி அரக்கின்மேலோ கண்ணாடியின்மேலோ வைக்க வேண்டும் என்பதே அக்காலத்துச் சாஸ்திர விதி. பாத்திரத்தைக் கையில் பிடிப்பது அவ்விதிக்கு முற்றும் முரணானது. ஆயினும் பிடித்த கைதான் காரியத்தைச் செய்தது! உள்ளே நீரில் ஒருவகை மின்சாரம் சேரச்சேர, அதன் ஆகர்ஷணத்தால் எதிர்வகை மின்சாரம் தரையிலிருந்து உடல்வழியே ஏறி உள்ளங்கையில் வந்து நிற்க, இரண்டும் மெல்லிய கண்ணாடிச் சுவருக்கு இருபுறமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டதால், மின்னழுத்தம் மிகவும் உயர்ந்துவிடாமலே மேன்மேலும் மின்னூட்டம் சேர இடமுண்டாயிற்று. விதியை மீறிய கை இல்லையேல் அந்தக் குப்பி வெறுங்குப்பியாகவே இருந்திருக்கும்.

பிரான்சில் நொல்லே என்னும் பாதிரியார், அரசர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிறுத்தி, அவர்களூடே குப்பியின் மின்சாரத்தைச் செலுத்தி ஒருங்கே துள்ளச் செய்தார். வேடிக்கை அது, விசாரணையோ அமெரிக்காவில் நடந்தது. மின்னூட்டிய குப்பியின் கம்பியையும் தக்கையையும் நீக்கி, நீரை வேறொரு குப்பியில் ஊற்றிப் பார்த்த பெஞ்சமின் பிராங்க்ளின், புதிய குப்பியில் அதிர்ச்சி இல்லாததையும், பழைய குப்பியில் தேநீர்க் கெண்டியிலிருந்து புதுநீர் வார்த்ததும் அதிர்ச்சி முன்போலவே எழுந்ததையும் கண்டு, சக்தி தங்குமிடம் நீரன்று, கண்ணாடியே என்று துணிந்தார். (அந்த மின்னூட்டம் கண்ணாடியின் உள்ளே ஊறியிருக்கவில்லை, அதன் மேற்பரப்பில் படிந்த ஈரத்தில் ஒட்டியிருந்தது என்று பிற்காலத்தார் திருத்தினர்.) அடுத்துப் பாத்திரத்தின் வடிவத்தையே கைவிட்டு, தட்டையான சன்னற்கண்ணாடியின் இருபுறமும் ஈயத்தகடு பொருத்தி அதே பலனை அவர் பெற்றபோது, குப்பி என்ற கற்பனை போய், இன்று பாடநூல்களில் நாம் வரைகின்ற இணைத்தகட்டு மின்தேக்கி பிறந்தது.

எனினும், இடையிலுள்ள பொருள் வெறும் தடுப்புச் சுவர்தானா, அன்றி அதற்கும் ஒரு தொழில் உண்டா என்னும் வினா எஞ்சியிருந்தது. சூரியன் தொலைவிலிருந்தே பூமியை இழுப்பதுபோல மின்னூட்டங்களும் இடைவெளியைப் பொருட்படுத்தாமல் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று கணித வல்லுநர் கொண்டிருந்த காலத்தில், உயர்கணிதம் கற்காத, புத்தகம் கட்டும் தொழிலில் இளமையைக் கழித்த மைக்கேல் பாரடே, அதை ஏற்க மனமின்றி, 1837-இல் ஒரு பரிசோதனை அமைத்தார். பித்தளைக் கோளத்துள் பித்தளைக் கோளம், இடையே 0.62 அங்குல வெளி. அளவில் ஒத்த இத்தகைய கருவிகள் இரண்டு. ஒன்றில் காற்று மட்டும். மற்றொன்றின் இடைவெளியில் கீழ்ப்பாதி நிறைய அரக்கு. ஒன்றை மின்னூட்டி மற்றதோடு இணைத்தால், இடைவெளிக்கு எந்தத் தொழிலும் இல்லையாயின், மின்னூட்டம் சரிபாதியாகப் பிரிய வேண்டும். அவ்வாறு பிரியவில்லை, அரக்குடைய கருவி மற்றதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தனதாக்கிக்கொண்டது. இடைவெளி சூன்யம் அன்று, விசைக்கோடுகள் பரவி நிற்கும் களம் என்று பாரடே கண்டார். அதனையே நாம் மின்புலம் என்கிறோம். அவருடைய எண்ணத்துக்குக் கணித உருவம் தந்தவர் மாக்ஸ்வெல்.

அந்த மாக்ஸ்வெல்லே, தம் வாழ்நாளின் இறுதியில், ஹென்றி காவெண்டிஷ் என்னும் பழைய விஞ்ஞானி வெளியிடாமல் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளைப் பொறுமையோடு பரிசோதித்து 1879-இல் அச்சேற்றினார். கண்ணாடி, மெழுகு, அரக்கு முதலியவற்றை இடையில் வைத்தால் மின்தேக்குத்திறன் வேறுபடும் என்பதை, பாரடேக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, காவெண்டிஷ் தாமே அளந்து குறித்து வைத்திருந்தது அப்பொழுது உலகுக்குத் தெரிந்தது. பாரடே மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.