பேட்டரியிலிருந்து எழுத்துக் கோப்புக்கு: திறமூலச் சிஎன்சி கட்டுப்பாட்டின் வரலாறும் கம்பம் பள்ளத்தாக்குப் பட்டறைகளும்

கணினி வழி எண்களால் இயக்கப்படும் சிஎன்சி இயந்திரங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் துல்லியத்தையுமே அளவுகோலாகக் கொள்கிறார்கள். இக்கட்டுரை பின்தொடர்வது வேறொரு கேள்வியை. ஓர் இயந்திரம் தன் பாராமீட்டர்களை எங்கே வைத்திருக்கிறது? பழுது வந்தால் அந்த இடத்தைத் திறந்து பார்க்க யாருக்கு உரிமை உண்டு? ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு எத்தனை துடிப்பு அனுப்ப வேண்டும், எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, பூஜ்யம் எந்த மூலையில் இருக்கிறது என்ற விவரங்கள்தான் பாராமீட்டர்கள். அவை இல்லாத இயந்திரம் வெறும் இரும்பு. கடந்த எழுபது ஆண்டுகளில் அவை இருக்கும் இடம் மாறிய கதையே திறமூலக் கட்டுப்பாட்டின் கதை என்பது என் வாதம்.

இதைத் தேனியிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்த இம்மாவட்டம் நூற்பாலைகளும் லேத்துப் பட்டறைகளும் கொண்டது. ஆனால் தமிழகத்தின் இயந்திரத் தொழில் மையமான கோவை சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மதுரை சுமார் 75 கிலோமீட்டர். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010ஆம் ஆண்டின் முடிவில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். மலிவு விலையில் மரம் செதுக்கும் சிஎன்சி ரூட்டர்கள் தமிழகத்தின் சிறு ஊர்களுக்குப் பரவிய அதே பத்தாண்டில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு ரயிலே இல்லை. சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை காத்திருப்பது இங்கே கோவையில் காத்திருப்பதைப் போன்றதல்ல. பழுது பார்க்கும் அறிவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி தொலைவில் இருப்பவர்களுக்குத்தான் உறைக்கும்.

பட்டறையிலிருந்து பறிபோன அறிவு

எண்வழிக் கட்டுப்பாடு அமெரிக்க விமானப்படையின் பணத்தில் பிறந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைக் கணக்கிட்டுச் செதுக்க ஜான் பார்சன்ஸ் முன்வைத்த யோசனையை எம்ஐடி நிறுவனம் எடுத்து வளர்த்தது. 1952இல் சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற மில்லிங் இயந்திரம், துளையிட்ட நாடாவைப் படித்து, மூன்று அச்சுகளில் நகர்ந்து காட்டியது. அன்று மாற்று வழியும் ஒன்று இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருமுறை செய்யும் வேலையைப் பதிவு செய்து, இயந்திரத்தைத் திரும்பச் செய்யவைக்கும் முறை அது. அந்த முறை ஏன் கைவிடப்பட்டது என்பதை டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். பதிவு முறை அறிவைத் தொழிலாளியின் கையில் விட்டுவைத்தது, நாடா முறை அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனது, நிர்வாகம் விரும்பியது பின்னதையே என்பது அவர் முடிவு. தொழில்நுட்பக் காரணங்களை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்ற விமர்சனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சிக்கலான வளைவுகளைக் கையால் ஓட்டிப் பதிவு செய்ய முடியாது. ஆயினும் அறிவு இடம்பெயர்ந்தது என்பதில் அவர் சொன்னது சரி.

இந்தியாவில் எச்எம்டி என்ற பொதுத்துறை நிறுவனம் 1953இல் பெங்களூரில் தொடங்கியது. கோவையின் எல்எம்டபிள்யூ நிறுவனம் 1988இல் இயந்திரக் கருவிப் பிரிவைத் தொடங்கியது. இரும்பு இங்கே வார்க்கப்பட்டது. மூளை பெரும்பாலும் ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்தது.

அந்த மூளையின் பாராமீட்டர்கள் எங்கே இருந்தன என்பது முக்கியம். பழைய ஃபனுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் அவை பேட்டரியால் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தன. பேட்டரியை மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் எல்லாம் அழிந்துவிடும். இயந்திரத்தோடு வந்த பாராமீட்டர் தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டச்சிட்டு மீட்கலாம். ஆனால் 9000 வரிசை எண்கள் தனி வகை. எந்தெந்த வசதிக்கு வாடிக்கையாளர் பணம் கட்டியிருக்கிறார் என்பதைக் குறிப்பவை அவை. அந்தத் தாள் தொலைந்தால் உற்பத்தியாளரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகம் கண்ட நீண்ட மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மணிக்கணக்கில் மின்சாரம் இன்றி நிற்கும் பழைய இயந்திரத்தில் அந்தச் சிறு பேட்டரிதான் அதன் முழு நினைவையும் தாங்கியது.

பொதுச்சொத்தான நிரல்

மாற்றம் ஓர் அரசு நிறுவனத்திலிருந்து வந்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990களின் முற்பகுதியில் 'மேம்பட்ட இயந்திரக் கட்டுப்பாட்டி' என்று பொருள்படும் ஈஎம்சி திட்டத்தைத் தொடங்கியது. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதமாக மூடிக்கிடப்பதால் தொழில்துறை முடங்குகிறது, திறந்த அமைப்புக்கு மாதிரி ஒன்று வேண்டும் என்பது நோக்கம். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் ஆலையில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்க அரசு ஊழியர் பணியில் எழுதும் நிரலுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. ஆகவே ஈஎம்சி பிறந்தபோதே பொதுச்சொத்து. 2000ஆம் ஆண்டையொட்டித் தன்னார்வலர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பெயர் தொடர்பாக ஈஎம்சி என்ற கணினி நிறுவனத்துடன் எழுந்த வணிகக்குறிச் சிக்கலால் 2011இல் அது லினக்ஸ்சிஎன்சி ஆயிற்று.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் ஜான் கசுனிச் வடிவமைத்த 'ஹால்' என்ற அடுக்கு. அதற்கு முன் ஒரு புதிய இயந்திரத்துக்கு ஈஎம்சியைப் பொருத்த சி மொழி நிரலைத் திருத்தித் தொகுக்க வேண்டியிருந்தது. ஹால் வந்தபின் இயந்திரத்தின் மின்கம்பி இணைப்பையே எழுத்தில் எழுதினால் போதும். எந்த லிமிட் சுவிட்ச் எந்த முனைக்குப் போகிறது, ஸ்பிண்டில் எந்தச் சைகையில் ஓடுகிறது என்பதெல்லாம் ஒரு ஹால் கோப்பில் வரிவரியாக இருக்கும். வேகம், முடுக்கம், நீளம் போன்ற எண்கள் ஐஎன்ஐ கோப்பில் இருக்கும். இரண்டுமே சாதாரண எழுத்துக் கோப்புகள். பென்டிரைவில் நகலெடுக்கலாம், தாளில் அச்சிடலாம், இரண்டு நாள் முந்தைய கோப்போடு ஒப்பிட்டு எந்த வரி மாறியது என்று பார்க்கலாம். விலை இல்லை என்பதைவிட இதுவே பெரிய விடுதலை என்பேன். ஹால்ஸ்கோப் என்ற கருவி, ஆசிலோஸ்கோப் வாங்க வசதியில்லாத பட்டறைக்கும் ஒவ்வொரு சைகையையும் திரையில் அலையாகக் காட்டுகிறது.

ஆனால் லினக்ஸ்சிஎன்சி தனக்கான கணினியைத் தேர்ந்தே எடுத்துக்கொள்ளும். கணினியே நேரடியாகத் துடிப்பு அனுப்பும் முறையில், ஒவ்வொரு துடிப்பும் குறித்த நேரத்தில் போக வேண்டும். தாமதச் சோதனையில் 15–20 மைக்ரோ வினாடிக்குள் வந்தால் கணினி நன்று. 30–50 வந்தாலும் சமாளிக்கலாம். 100ஐத் தாண்டினால் அந்த முறைக்கு அது உதவாது. சோதனை ஓடும்போதே திரைகளை இழுத்து நகர்த்தி, பாட்டு ஓடவிட்டு, கணினியைப் படுத்த வேண்டும். சும்மா கிடக்கும் கணினி நல்ல எண்ணைத்தான் காட்டும். மின்சேமிப்புக்காகத் தானாக இடையில் புகும் மடிக்கணினிகள் இதில் பெரும்பாலும் தோற்றுவிடும். இணைமுனை கொண்ட பழைய மேசைக்கணினி வெல்லும்.

மடிக்கணினி வந்த வீடுகள்

தமிழகத்தில் கட்டற்ற மென்பொருளின் பாதை இந்த இடத்தில் வந்து சேர்கிறது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007ஐ ஒட்டி லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் மத்திய அரசின் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதும் கணியம் மின்னிதழ் 2012இல் தொடங்கியது. கணினி வழி வடிவமைப்பும் உற்பத்தியுமான கேட், கேம் பற்றி எளிய தமிழில் இரா. அசோகன் எழுதிய தொடர் பின்னர் அதில் வெளியானது. ஆக, பள்ளத்தாக்கின் ஏராளமான வீடுகளுக்கு முதன்முதலாக வந்த கணினி மடிக்கணினி. லினக்ஸ்சிஎன்சிக்கு உவப்பில்லாத கணினி அதுதான்.

அந்த இடைவெளியை நிரப்பியது கெர்பிள். நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கி, பின்னர் சங்கீன் ஜியோன் என்பவர் வளர்த்தெடுத்த நிரல் இது. ஆர்டுயினோ பலகையின் அட்மெகா328 சில்லுக்குள் அது அடங்கியது: 32 கிலோபைட் நிரல் இடம், 2 கிலோபைட் நினைவகம், 16 மெகாஹெர்ட்ஸ். நேரம் தவறாத வேலை முழுவதையும் அந்தச் சில்லே பார்த்துக்கொள்ளும். கணினி, ஜி-கோட் என்னும் நகர்வுக் கட்டளை வரிகளை யுஎஸ்பி வழியே ஊட்டினால் போதும். கணினி சற்றுத் தடுமாறினால் இயந்திரம் காத்திருக்குமே தவிர, துடிப்பைத் தவறவிடாது. பாராமீட்டர்கள் பேட்டரி வேண்டாத நினைவகத்தில் இருக்கின்றன. இரண்டு டாலர் குறிகளைத் தட்டினால் அத்தனையும் திரையில் வரிசையாக விழும்.

இந்தியாவில் இத்தகைய பட்டறை அறிவுக்கு முன்னோடி உண்டு. எம்ஐடிக்கு வெளியே அமைந்த முதல் ஃபேப்லேப், 2002இல் புனே அருகே பாபல் கிராமத்தின் விக்யான் ஆசிரமத்தில் தொடங்கியது. பாபல் பெருநகரமல்ல, கிராமம். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பள்ளத்தாக்கில் பிழை தேடுதல்

மரக்கதவில் கஜலட்சுமியோ பிள்ளையாரோ செதுக்கும் ரூட்டருக்கு இனி வருவோம். நுண்ணிய செதுக்கல் மணிக்கணக்கில் ஓடும். ஐந்தாம் மணியில் மோட்டார் ஒரு துடிப்பைத் தவறவிட்டு ஸ்டெப் மிஸ்ஸானால் தேக்குப் பலகை வீண். அளவு தவறுகிறது என்றால் பலரும் முதலில் செய்வது ஸ்டெப் எண்ணைத் திருத்துவது. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், எட்டு மைக்ரோஸ்டெப், 5 மில்லிமீட்டர் லீட் கொண்ட பால்ஸ்குரூ என்றால் மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. 100 கேட்டு 99 வந்தால் 323.23 என்று மாற்றிவிடுவார்கள். அது பெரும்பாலும் தவறான மருந்து. 50, 100, 300 என்று வெவ்வேறு நீளங்களில் அளந்து பார்க்க வேண்டும். நீளத்துக்கேற்பப் பிழை வளர்ந்தால் எண்தான் பிழை. எந்த நீளத்திலும் ஒரே அளவு பிழை, அதுவும் திசை மாறும்போது மட்டும் வந்தால் அது பேக்லாஷ் என்னும் தளர்வு. நட்டையும் கப்ளிங்கையும் பாருங்கள். வேலை நீள நீளப் பிழை சேர்ந்துகொண்டே போய், மீண்டும் ஹோமிங் செய்து பூஜ்யத்துக்குத் திரும்பினால் சரியாகிவிட்டால் அது ஸ்டெப் மிஸ். முடுக்கத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, மின்வழங்கியை ஆராயுங்கள்.

கிராமத்து ஃபீடரின் கடைசியில், பம்புசெட்டுகள் ஓடும் வேளையில் வோல்டேஜ் இறங்கும். டிரான்ஸ்பார்மர் வகை மின்வழங்கி அந்தச் சரிவை அப்படியே டிரைவருக்குக் கடத்தும். காலையில் ஒழுங்காக ஓடிய வேகத்தில் மாலையில் மோட்டார் தடுமாறுவது இதனால்தான். பாராமீட்டர் அன்று குற்றவாளி அல்ல.

இன்னொன்று எர்த். ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியின் மின் இரைச்சல் லிமிட் சுவிட்ச் கம்பியில் ஏறி, எதையும் தொடாமலே 'அலாரம் 1' என்று கெர்பிள் நின்றுவிடும். சில்லின் உள்ளிருக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோஓம் வரை. நீண்ட கம்பிக்கு அது மிகவும் பலவீனம். வெளியே ஒரு மின்தடையும் கெப்பாசிட்டரும் சேர்ப்பதோ, ஆப்டோகப்ளர் வைப்பதோ, உறையிட்ட கம்பியின் உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வதோ தீர்வு. ஹார்ட் லிமிட்டை அணைத்துவிடுவது தீர்வல்ல. அது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பது. எர்த் என்பது மண்ணைப் பொறுத்தது. முல்லைப்பெரியாற்று நீர் பாயும் கம்பம், கூடலூர் வயல்களை ஒட்டிய ஈரமண்ணும், கோடையில் காய்ந்து இறுகும் ஆண்டிபட்டிப் பக்கத்து நிலமும் ஒரே மின்தடையைத் தராது. காய்ந்த நிலத்தில் கரியும் உப்பும் இட்ட எர்த் குழிக்கு ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். எந்தக் கையேடும் ஆண்டிபட்டியை நினைத்து எழுதப்படவில்லை. ஆகவேதான் இந்த அறிவு உள்ளூரில் சேர வேண்டும் என்கிறேன்.

லினக்ஸ்சிஎன்சியில் அடிக்கடி எதிர்ப்படும் 'ஃபாலோயிங் எரர்' செய்தியும் இப்படித்தான் மிரட்டும். ஸ்டெப்பர் இயந்திரத்தில் அது வந்தால், துடிப்பு உருவாக்கியின் முடுக்க எல்லை, அச்சின் முடுக்க எல்லையைவிடச் சற்று அதிகமாக இருக்கிறதா என்று ஐஎன்ஐ கோப்பில் பாருங்கள். ஒரு வரி மாற்றத்தில் தீரும்.

எல்லைகள்

திறமூலம் வென்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்திய மரவேலைப் பட்டறைகளில் பரவலாக இருப்பவை கையில் பிடித்து இயக்கும் சீனத்து டிஎஸ்பி பெட்டிகள். அவற்றின் நிரலைத் திறக்க முடியாது. எனினும் வாங்கிய அன்றே ஓடும், விற்றவர் தொலைபேசியில் வழி சொல்வார். திறமூலத்தின் ஆவணங்கள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்தச் சுவரைத் தாண்டாதவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. மறுபுறம், தொழில்நுட்பத் தடைகள் குறைந்துவருகின்றன. 2023இல் வெளியான டெபியன் 12இல் லினக்ஸ்சிஎன்சி இடம்பெற்றது. நிகழ்நேர இயக்கத்துக்கான திருத்தம் 2024இல் லினக்ஸ் கருவின் மைய நிரலிலேயே சேர்ந்தது.

தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீனப்படுத்தியிருக்கிறது. அங்கே மாணவர்கள் சிஎன்சியை இயக்கக் கற்பது நல்ல செய்தி. அதோடு தேனி மாவட்டத்தின் ஐடிஐகளும், 2012இல் தொடங்கிய போடி அரசுப் பொறியியல் கல்லூரியும் பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றைக் கழித்துக்கட்டாமல், லினக்ஸ்சிஎன்சிக்கு மாற்றி, அதன் ஹால் கோப்பை மாணவர்களே தமிழ்க் குறிப்புகளுடன் எழுதுமாறு செய்ய வேண்டும். வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றிவைத்து, பிழையைக் கண்டுபிடி என்று தேர்வு வைக்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் இயந்திரம் எந்த வகையானாலும், அது நன்றாக ஓடும் நாளிலேயே அதன் பாராமீட்டர் முழுவதையும் நகலெடுத்து, தேதி போட்டு, இரண்டு இடங்களில் வையுங்கள்.