பஞ்சாங்கம் (காரைக்கால் வட்டாரம்)

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளால் நாளைக் கணிக்கும் மரபு நாட்காட்டி பஞ்சாங்கம். தமிழ்நாட்டில் இது வாக்கியம், திருக்கணிதம் என இரு வகையாக வழங்குகிறது. காரைக்கால் வட்டாரத்தில், திருநள்ளாற்றின் பெருங்கோயிலான தர்ப்பாரண்யேசுவரர் கோயில் வாக்கிய முறையைப் பின்பற்றுகிறது.

நாட்கணக்கு

நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடியும். அது 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. அதில் பாதி கரணம். சந்திரனின் வேகம் மாறுவதால் ஒரு திதி சுமார் 20 மணி முதல் 27 மணி வரை நீடிக்கும். சந்திரன் 13 பாகை 20 கலை நகரும் காலம் ஒரு நட்சத்திரம். சூரியன், சந்திரன் இருவரின் இருப்பையும் கூட்டிப் பெறுவது யோகம். சூரியன் அத்தமனத்திற்கு முன் புது ராசிக்குள் நுழைந்தால் அன்றே தமிழ் மாதம் பிறக்கும்; பின்னர் நுழைந்தால் மறுநாள்.

நல்ல நேரம்

பகலை எட்டாகப் பகுத்து ராகு காலம், எமகண்டம், குளிகை ஆகியவற்றை ஒதுக்குவர். உதயம் காலை 6 மணி எனக் கொண்டால் ராகு காலம் திங்களன்று 7.30 முதல் 9 வரை, சனியன்று 9 முதல் 10.30 வரை. உண்மையில் உதய நேரம் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். காரைக்காலின் தலநேரம் இந்திய நேரத்துக்குச் சுமார் 11 நிமிடம் பின்தங்கியது. நுட்பமாக நாள் பார்ப்போர் அந்தந்த ஊர் உதயத்திலிருந்தே கணக்கிடுவர்.

இரு கணிதங்கள்

வாக்கியக் கணிதம் வரருசி பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டது. சந்திரனின் வேக மாற்றம் சுமார் 248 நாளில் ஒன்பது சுற்று முடித்துத் திரும்புவதால் இந்த எண்ணிக்கை. எழுத்துகளில் எண்களைப் பொதிந்த இவ்வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு, சோழிகளைத் தரையில் பரப்பியே கிரகணம் கணித்தனர். புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், தமிழர் ஒருவர் இம்முறையில் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை வெறும் 41 நொடி. ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலும் புதுச்சேரிக் கணிதர் ஒருவரின் சோழிக் கணிப்பை விவரிக்கிறது. திருக்கணிதம் வான்நோக்குக்கு ஏற்பத் திருத்தப்பட்டது; 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை வலியுறுத்தினார்.

சனிப்பெயர்ச்சி

இரு முறைகளின் வேறுபாடு மக்களுக்குத் தெளிவாகப் புலப்படுவது சனி ராசி மாறும் நாளில்தான். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பரில்தான். திருக்கணிதம் மீனப் பெயர்ச்சிக்கு 2025 மார்ச் 29ஐக் குறித்தபோது, அன்று திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா இல்லை எனக் கோயில் நிர்வாகம் அறிவித்தது. வானில் கோளின் இருப்பை அறியத் திருக்கணிதமே துல்லியமானது. கோயில் விழாவுக்கு அக்கோயில் ஏற்ற கணிதமே அளவுகோல். ஆகவே திருநள்ளாற்றுக்குப் பயணம் திட்டமிடுவோர் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பார்க்க வேண்டும்.