குடியால் வரும் மறதி முதுமை மறதி அல்ல

நெடுந்தீவில் எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இருக்கிறார். வயது 56. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட ஊரவர்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் தெரியாது. "இப்பதான் குறிகட்டுவானில மீன் வித்துப்போட்டு வாறன்" என்பார். அவர் படகேறிப் பல மாதங்கள். பொய் சொல்கிறார் என்று வீட்டில் ஏசினோம்.

அது பொய் அல்ல. புதியவற்றைப் பதிய முடியாத மூளை, வெற்றிடத்தைக் கிடைத்த நினைவுகளால் நிரப்புகிறது. அதை அவரே நம்புகிறார். 1887 இல் ரஷ்ய வைத்தியர் கோர்சகோவ் விவரித்த நோய் இது.

காரணம் விற்றமின் பி1 (தயமின்) குறைபாடு. தொடர்ந்து குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் தயமினைக் குடல் உறிஞ்சுவதை மதுசாரம் தடுக்கிறது. உடலிலுள்ள சேமிப்போ சில வாரங்களுக்கே போதும். கசிப்பு, சாராயம், பியர் எதுவானாலும் இதுதான் கதை.

அல்சைமர் பெரும்பாலும் 65 வயதுக்குப் பின் மெல்ல மெல்ல வந்து, பேச்சு, கணிப்பு, அன்றாட வேலை எல்லாவற்றையும் படிப்படியாகத் தின்னும். அதை நிறுத்த மருந்தில்லை. குடியால் வரும் மறதி நாற்பது, ஐம்பது வயதிலேயே வரலாம். பேச்சும் பழைய நினைவுகளும் பெரிதும் தப்பிவிடும். முக்கியமாக, குடியை விட்டு, தயமினும் நல்ல உணவும் எடுத்தால் நோய் அங்கேயே நிற்கக்கூடும். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நன்கு தேறுவார். பலர் ஓரளவு தேறுவர். சிலருக்கு மாற்றம் இராது.

இதற்கு முன்கட்டம் ஒன்று உண்டு. குழப்பம், தள்ளாட்டம், கண்கள் சரியாக அசையாமை அல்லது இரட்டையாகத் தெரிதல். மூன்றும் ஒன்றாக வரவேண்டும் என்றில்லை. இது அவசர நிலை. உடனே தயமின் ஊசி போட்டால் மூளையைக் காப்பாற்றலாம். குளுக்கோஸ் ஏற்றுவதாயின் தயமினும் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், குடிப்பழக்கத்தை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சித்தப்பா தள்ளாடிய நாட்களில் "வெறி முறியட்டும்" என்று நாங்கள் படுக்க விட்டோம்.

இன்னொன்று: நீண்டகாலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

போரில் இழந்ததை மறக்கக் குடித்தவர்கள் நம்மிடையே பலர். சித்தப்பாவுக்கு அந்த நினைவுகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நேற்றுப் பிறந்த பேரப்பிள்ளையின் பெயரை இன்றும் கேட்கிறார். நாங்கள் இப்போது ஏசுவதில்லை. ஒவ்வொரு முறையும் சொல்கிறோம்.