லண்டனில் சட்டம் பயின்ற நம் முன்னோர்



நம் மஹல்லாவைச் சேர்ந்த சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் தம் தந்தையாருடன் என்னிடம் வந்திருந்தார். "ஹஜ்ரத், இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள், உங்கள் கையால் ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும்" என்றார் தந்தை. "கடிதம் தருகிறேன், ஆனால் அங்கே கேட்பது பாடம் நடத்திய பேராசிரியர்களின் பரிந்துரையைத்தான்" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சென்றபின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாசலில் போய் நின்ற நம்மவர்களின் வரலாற்றை இம்மலரில் எழுதத் தோன்றியது.

அக்காலத்தில் பாரிஸ்டர் பட்டம் பெற விரும்புவோர் லண்டனிலுள்ள லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்னும் நான்கு சட்டக் கழகங்களுள் ஒன்றில் சேர வேண்டும். பாடம் கேட்பதைவிட விருந்துண்பதே அங்கு முதன்மையான விதி என்றால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு பருவங்கள், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், கழக மண்டபத்தில் குறித்த எண்ணிக்கையில் இரவு விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும். நால்வர் அமரும் பந்திக்கு இரண்டு புட்டி மது உண்டு. 1888இல் இன்னர் டெம்பிளில் சேர்ந்த காந்தியடிகள் மது அருந்தாதவர். அதனாலேயே அவரைத் தம் பந்தியில் அமர்த்திக்கொள்ள மற்றவர்கள் போட்டியிட்டார்களாம்!

லத்தீன் மொழி மற்றொரு தடை. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் காந்தியடிகளே முதல்முறை லத்தீனில் தோற்று, மறுமுறைதான் வென்றார். 1893இல் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்த முஹம்மது அலி ஜின்னா, லத்தீன் பகுதியிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பித்துப் பெற்றார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியானவர் பத்ருத்தீன் தையப்ஜி. 1844இல் பிறந்த இவர், பம்பாயில் மத்ரஸாவில் உருதும் பாரசீகமும் பயின்று, பின்னர் எல்பின்ஸ்டன் நிறுவனத்தில் சேர்ந்தவர். ஆங்கிலக் கல்வியே ஆகாது என்று நம்மில் பலர் ஒதுங்கியிருந்த காலத்தில், வணிகரான அவருடைய தந்தை தம் மக்களைக் கடல் கடந்து அனுப்பினார். 1860இல் பதினாறு வயதில் பத்ருத்தீன் லண்டன் சென்றபோது, முன்னாள் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபுவுக்கு அறிமுகக் கடிதமும் உடன் சென்றது. பரிந்துரைக் கடிதம் என்பது புதிய வழக்கமன்று என்பதற்கு இதுவே சான்று. மிடில் டெம்பிளில் பயிலும்போது கண்பார்வை மங்கியதால் 1864இல் படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்பினார். பார்வை தேறியதும் மீண்டும் சென்று 1867இல் பாரிஸ்டரானார். பம்பாயின் முதல் இந்திய பாரிஸ்டர் அவரே. 1887இல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1895இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1897இல் திலகருக்குப் பிணை வழங்கினார்.

பத்ருத்தீனுக்குத் தந்தையின் செல்வம் இருந்தது. சர் சையித் அஹ்மத் கானின் புதல்வர் சையித் மஹ்மூதுக்கு அரசின் உதவித்தொகை கிடைத்தது. எனினும் 1869இல் மகனுடன் தாமும் லண்டன் செல்ல, சர் சையித் வீட்டை அடமானம் வைத்து, தம் நூலகத்தின் ஒரு பகுதியையும் விற்க நேர்ந்தது. புத்தகத்தை விற்பது ஓர் ஆலிமுக்கு எத்தகைய வேதனை என்பதை நான் அறிவேன்.

லிங்கன்ஸ் இன்னில் 1872இல் பாரிஸ்டரான மஹ்மூத், பின்னர் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அக்கால நீதிமன்றங்கள் நம் ஹிதாயா நூலை ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்தன. 1791இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்போ அரபு மூலத்திலிருந்தன்று, பாரசீகப் பெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. மஹ்மூத் தம் தீர்ப்புகளில் அரபு மூல நூல்களையே எடுத்துவைத்து ஆராய்ந்தார். ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கும் உரிமை பற்றி 1885இல் அவர் எழுதிய தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மத்ரஸாவில் நாம் ஓதும் அதே பாடம், லண்டன் சட்டம் பயின்ற ஒருவரின் கையில் நீதிமன்றத் தீர்ப்பாயிற்று.

வக்ஃப் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகும். 1873இல் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டரான சையித் அமீர் அலி, 1890இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். தம் சந்ததியாருக்குப் பயன் தந்து, முடிவில் ஏழைகளைச் சேரும் வகையில் எழுதப்படும் குடும்ப வக்ஃப் செல்லும் என 1892இல் அவர் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஆனால் 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தகைய வக்ஃப் செல்லாது எனத் தீர்த்தது. நம் பிக்ஹு அறிந்த ஒருவரும் அன்று அந்த அவையில் இல்லை. பின்னர் ஜின்னா கொண்டுவந்த மசோதா, 1913இல் முசல்மான் வக்ஃப் செல்லுபடிச் சட்டமாயிற்று. அமீர் அலியோ 1909இலேயே பிரிவி கவுன்சில் நீதிக்குழுவில் அமர்ந்த முதல் இந்தியராகியிருந்தார்.

பெண்களுக்கோ வாசல் நெடுங்காலம் மூடியே இருந்தது. 1892இல் ஆக்ஸ்போர்டில் பி.சி.எல். தேர்வெழுதிய முதல் பெண்மணி கார்னிலியா சொராப்ஜிக்கு, பட்டம் கையில் கிடைத்தது 1922இல்தான்!

இன்று லத்தீனுக்குப் பதில் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வு. அறிமுகக் கடிதத்திற்குப் பதில் பேராசிரியர் பரிந்துரையும் நோக்க உரையும். பாரிஸ்டர் பட்டத்தைக் கொண்டே இங்கே வழக்காடும் உரிமை 1976ஆம் ஆண்டு இறுதிக்குள் பட்டம் பெற்றவர்களோடு முடிந்துவிட்டது. பிளஸ் டூ முடித்ததும் பிள்ளைகளை வெளிநாட்டுச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பத் துடிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அப்பட்டத்தை இந்திய பார் கவுன்சில் ஏற்றிருக்க வேண்டும். திரும்பிவந்து கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். இங்கே பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு மட்டும் செல்வோருக்கு இச்சிக்கல் இல்லை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையோ, ஈராண்டுக்கு ஈடான பணி அனுபவத்தைக் கேட்கிறது. படித்தபின் இரண்டாண்டு தாயகத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி.

சர் சையிதுக்கு அடமானம் வைக்க ஒரு வீடாவது இருந்தது. நம் மாணவியின் தந்தை வாடகை வீட்டில் இருப்பவர். வட்டிக் கடன் வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருக்கிறார். நம் கல்வி நிதியோ இதுவரை பள்ளிக் கட்டணத்திற்கும் உள்ளூர்க் கல்லூரிக் கட்டணத்திற்கும் மட்டுமே வழங்கப்பட்டு வருகிறது. அந்த வரம்பைத் தளர்த்தக் கோரி அவர் எழுதிய மனுவை நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்துள்ளேன். வரும் பொதுக்குழுவில் அது வாசிக்கப்படும்.