விற்ற பின்னும் மாறும் பொருள்

கைபேசிக்குப் புதிய அப்டேட் வந்த மறுநாள் எழும் முணுமுணுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொத்தான் இடம் மாறிவிட்டது, எழுத்து கண்ணுக்குப் புலப்படவில்லை, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, யாரும் கேட்காத வசதி ஒன்று திரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு நிறுவனங்கள் சொல்லும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றே: மனிதர்களுக்குப் பழகியதை விட மனம் வராது, இரண்டு வாரம் போனால் அடங்கிவிடும். இந்த விளக்கத்தை உரசிப் பார்க்க ஓசூர் வட்டாரம் நல்ல இடம். கடந்த 45 ஆண்டுகளில் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்த பல புதுப்பொருள்கள் அங்கிருந்து கிளம்பியவை. அவற்றை மக்கள் எப்போது வரவேற்றார்கள், எப்போது முகம் சுளித்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், கோபத்தின் வேர் புதுமையில் இல்லை என்று தெரியும். வாங்கிய பொருளை எப்போது மாற்றுவது என்ற முடிவு, வாங்கியவர் கையைவிட்டுப் போனதில்தான் அது இருக்கிறது.

1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூரில் அமைந்தபோது, அந்த ஊர் தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில் ராகி விளையும் மேட்டுநிலம்; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். இந்தக் கணக்குதான் ஊரின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. நிலமும் சலுகையும் தமிழ்நாட்டில் கிடைத்தன; பொறியாளர்களும் அலுவலகங்களும் பெங்களூரில். 1980இல் அசோக் லேலண்ட் தன் ஆலையை இங்கே திறந்தது. ஆனால் லாரி வாங்குபவர் ஒரு சிலர். வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த பொருள்கள் வேறு.

அவற்றில் முதலாவது டிவிஎஸ் 50. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து வந்த இந்த வண்டி, இருவர் ஏறக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். அதற்கு முன்பே லூனா என்ற மொபெட் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. என்றாலும், சைக்கிளை மட்டுமே அறிந்த பெருங்கூட்டத்துக்கு எஞ்சின் என்பது புது உலகம். பெட்ரோலோடு ஆயிலைச் சரியான அளவில் கலக்க வேண்டும், பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும், ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினால் மேட்டில் ஏறும் என்று கை பழக வேண்டும். ஒரு கைபேசி அப்டேட் கேட்கும் பழக்க மாற்றத்தைவிட இது பல மடங்கு பெரியது. மக்கள் தயங்கவில்லை. தயங்காததோடு நிற்கவும் இல்லை. வண்டியைத் தங்கள் வேலைக்கு வளைத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆள் உட்கார வேண்டிய இடத்தில் பால் கேன் ஏறியது, கீரைக் கட்டு ஏறியது, துணி மூட்டை ஏறியது. நிறுவனமும் அதைக் கவனித்தது. எக்ஸ்எல் வரிசையில் கனச்சுமைக்கென்றே வண்டிகள் வந்தன. பின் இருக்கையைக் கழற்றி வைக்கும் வசதியும் வந்தது. பயனர் கருத்து என்று இன்று அழைக்கப்படும் ஒன்று அன்று இப்படித்தான் ஆலைக்குத் திரும்பியது: முதலில் மக்கள் செய்து காட்டினார்கள், அடுத்த மாடலில் நிறுவனம் அதைச் சேர்த்துக்கொண்டது. பழைய மாடலை வைத்திருந்தவரின் வண்டியில் யாரும் கைவைக்கவில்லை.

கைக்கடிகாரத்தின் கதை இன்னும் கூர்மையானது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனை நிறுவின. ஓசூர் ஆலையின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் 1987 வாக்கில் கடைகளுக்கு வந்தன. அப்போது இந்தியச் சந்தை பொதுத்துறை நிறுவனமான எச்எம்டியின் கையில் இருந்தது. தினமும் சாவி கொடுக்கும் கடிகாரம், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் சீர், பணி ஓய்வின்போது தரும் பரிசு என்று அதைச் சுற்றி ஒரு பண்பாடே வளர்ந்திருந்தது. எச்எம்டி 1980களின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸைத் தொட்டிருந்தது. ஆனாலும் அதன் முழு பலமும் சாவிக் கடிகாரத்தில்தான் இருந்தது. இந்தியர்கள் பேட்டரிக் கடிகாரத்தை விரும்ப மாட்டார்கள் என்ற எண்ணத்தை, செர்க்ஸஸ் தேசாய் தலைமையில் இயங்கிய டைட்டன் சில ஆண்டுகளில் பொய்யாக்கியது. மெல்லிய வடிவம், பிசகாத நேரம், கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கிய சொந்த ஷோரூம்கள், பேட்டரி தீர்ந்தால் மாற்றித் தரும் சேவை மையங்கள் என எல்லாம் சேர்ந்தபோது, தினமும் சாவி கொடுக்கும் வழக்கத்தை மக்கள் பெரிய வருத்தமின்றி விட்டார்கள். எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஒரே தொழில்நுட்பத்துக்கு இரண்டு நிறுவனங்கள் பெற்ற வரவேற்பு இவ்வளவு வேறுபட்டதென்றால், வாடிக்கையாளரின் பழமைப் பற்று ஒரு விளக்கமே ஆகாது. இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவிக் கடிகாரம் கட்டியிருந்தவர் விரும்பும்வரை அதையே கட்டலாம். பழுதுபார்க்க ஊரில் ஆள் இருந்தார். குவார்ட்ஸுக்கு மாறிய நாள், அவராகக் கடைக்குப் போன நாள்.

இந்த ஏற்பாட்டில் முதல் கீறல் மென்பொருளுக்கு முன்பே, புகை விதிகளின் வழியாக விழுந்தது. 2015இல் எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி நடைமுறைக்கு வந்தபோது கார்புரேட்டர் போய் எரிபொருள் உட்செலுத்தும் மின்னணு அமைப்பு வந்தது. ஸ்குரூடிரைவரால் கார்புரேட்டரைத் திருகி, காதால் கேட்டே எஞ்சினைச் சரிசெய்த தெருமுனை மெக்கானிக்குக்கு இனி நிறுவனத்தின் கணினிக் கருவி தேவைப்பட்டது. காற்று சற்றுத் தூய்மையானது, அது நல்லதே. ஆனால் வண்டிக்குள் நடப்பதை ஊரில் ஒருவர் விளக்கிச் சொல்லும் நிலை மெல்ல மங்கியது. புதியதற்கும் பயனருக்கும் நடுவே நின்ற அந்த மொழிபெயர்ப்பாளர் விலகத் தொடங்கினார்.

அடுத்த கட்டத்தில் அவர் முழுதாகவே விலகினார். சென்னை ஐஐடியில் படித்த இருவர் தொடங்கிய ஏத்தர், 2018இல் பெங்களூரில் தன் 450 மின்ஸ்கூட்டரை அறிமுகம் செய்து, 2021இல் ஓசூருக்கு உற்பத்தியைக் கொண்டுவந்தது. தொடுதிரையும் இணைய இணைப்பும் கொண்ட அந்த வண்டி, இரவில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் புதிய வசதியோடு நிற்கக்கூடியது. அதே மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஆலை கட்டிய ஓலா, 2021 ஆகஸ்ட் 15 அன்று எஸ்1 ஸ்கூட்டரை அறிவித்தது. டிசம்பரில் வண்டிகள் வீடு வந்தபோது, அறிவிப்பில் இருந்த க்ரூஸ் கன்ட்ரோல், ஹில் ஹோல்ட், வழிகாட்டும் வரைபடம் ஆகியவை அதில் இல்லை; அப்டேட்டாகப் பின்னர் வரும் என்றார்கள். 2022 ஜூனில் மூவ்ஓஎஸ் 2 என்ற மென்பொருள் பதிப்பு வழியாகச் சிலவும், ஆண்டின் இறுதியில் மூவ்ஓஎஸ் 3 வழியாகச் சிலவும் வந்தன. மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டும், பாட்டுக்கு ஏற்ப விளக்குகள் ஆடும் பார்ட்டி மோடும் ஒரே பொட்டலத்தில் சேர்ந்தன. பொருளின் வரலாறு இங்கே தலைகீழாகிறது. டிவிஎஸ் 50 காலத்தில் மாற்றம் ஆலையின் வாசல் வழியாகத்தான் வெளியே வர முடியும். இப்போதோ ஆலை தமிழ்நாட்டில் இருக்க, தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்க, மாற்றம் ஆலையைத் தொடாமலே நேராக வண்டிக்கு வந்துவிடுகிறது. மாநில எல்லையில் நிற்கும் ஜூஜுவாடி சோதனைச் சாவடிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கைபேசியும் இப்போது இதே மண்ணின் பொருள். ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் கட்டிய ஆலை ஐபோனின் உறைப்பாகங்களைச் செய்யத் தொடங்கி, பின்னர் முழுப் போனையும் இணைக்கும் நிலைக்கு வளர்ந்தது. அந்தப் போனின் மென்பொருள் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் நம் கேள்விக்கு நேரடி விடை தருகின்றன. பேட்டரி தேய்ந்த பழைய போன்கள் திடீரென அணைந்துபோகாமல் இருக்க, அப்டேட் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்பக் காரணம் நியாயமானதே. ஆனாலும் உலகெங்கும் கோபம் வெடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்து, அடுத்த ஆண்டு அந்த வேகக் குறைப்பை நிறுத்தும் தேர்வையும் தந்தது. 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 கண்ணாடி போன்ற லிக்விட் கிளாஸ் தோற்றத்தோடு வந்தபோது, எழுத்துகள் தெளிவாக இல்லை என்ற புகார் எழுந்தது; சில வாரங்களில் 26.1 பதிப்பு, அந்தக் கண்ணாடித் தன்மையைக் குறைத்துக்கொள்ளும் தேர்வைத் தந்தது. இரண்டு முறையும் நிறுவனம் கடைசியில் கொடுத்தது ஒன்றையே: முடிவெடுக்கும் ஒரு பொத்தானை. முதலிலேயே அதைக் கொடுத்திருந்தால் சண்டைக்கு இடமே இருந்திருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு, பாதுகாப்பின் பெயரால் வருகிறது. மென்பொருளில் ஓட்டை இருந்தால் அதை உடனே அடைக்க வேண்டும். ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் காத்திருந்தால் திருடன் முந்திவிடுவான். பிரேக்கையும் பேட்டரியையும் ஆளும் மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் அது நியாயப்படுத்துவது பழுதுநீக்கத்தை மட்டுமே, பார்ட்டி மோடையோ புதிய கண்ணாடித் தோற்றத்தையோ அல்ல. இரண்டையும் பிரிப்பது நடைமுறையில் இயலாது என்பார்கள். ஆனால் 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, விரும்புவோர் 14இலேயே இருந்து பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்று ஆப்பிளே அனுமதித்தது. சில மாதங்களில் அந்தக் கதவை மூடிவிட்டது. முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இலவசமாகக் கூடுதல் வசதி வருவதில் என்ன குறை, ஓலா வாங்கியவர்களே அப்டேட் எப்போது வரும் என்று காத்திருக்கவில்லையா என்றும் கேட்கலாம். காத்திருந்தார்கள், ஆனால் அவர்கள் காத்திருந்தது வாங்கும்போது சொல்லப்பட்ட வசதிக்கு. அது பரிசு அல்ல, பாக்கி. மென்பொருளின் விலை பற்றிய குழப்பத்தை 2023 நன்றாகக் காட்டியது. சார்ஜர், மென்பொருள் போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் வாங்குவது மத்திய அரசின் மானிய விதிகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தபின், அந்த ஆண்டு மே மாதம் ஓலா, ஏத்தர், டிவிஎஸ் ஆகிய மூன்றும் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தன. மூன்றுமே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வண்டி செய்பவை. விலைக் கணக்கில் மென்பொருள் வண்டியோடு சேர்ந்தது என்றால், உரிமைக் கணக்கிலும் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். இரும்பு வாங்கியவருக்கு, மென்பொருள் நிறுவனத்துக்கு என்று பங்கு பிரிக்க முடியாது.

பழைய காலத்தில் மட்டும் மக்களுக்குத் தேர்வு இருந்ததா என்ற கேள்வியும் நியாயமானது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடைகளில் இருந்த வகைகள் சொற்பம்; பிஎஸ்6 யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆனால் பிஎஸ்6 புதிதாக விற்கும் வண்டிகளுக்குத்தான் பொருந்தியது. வீட்டில் நின்ற பழைய எக்ஸ்எல்லின் கார்புரேட்டரை இரவோடிரவாகக் கழற்றவில்லை. அதோடு அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட விதி, அதற்குப் பதில் சொல்ல ஓர் அரசு இருந்தது. அன்றைய தேர்வு குறுகியது என்பது உண்மை. இருந்த தேர்வு வாங்கிய பிறகும் செல்லுபடியானது என்பதும் உண்மை.

ஆகவே கேட்க வேண்டியது புதுமையை நிறுத்தச் சொல்வதல்ல. பழுதுநீக்கமும் புது வசதியும் தனித்தனியே வர வேண்டும். புது வசதி பிடிக்காவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப வழி வேண்டும். என்ன மாறுகிறது என்பது பயனருக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். இவற்றில் கடைசி ஒன்று ஏற்கனவே பல நாடுகளில் விதியாகியிருக்கிறது: கார், லாரி போன்றவற்றின் மென்பொருள் மாற்றங்களுக்காக ஐநா வகுத்து 2021இல் நடைமுறைக்கு வந்த 156ஆம் ஒழுங்குமுறை, மாற்றத்தின் நோக்கத்தை உரிமையாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அது இருசக்கர வண்டியையும் கைபேசியையும் இன்னும் எட்டவில்லை. அதுவரை அப்டேட் அறிவிப்பின் கீழே இருக்கும் ‘இப்போது வேண்டாம்’ என்ற பொத்தான் நாளைக்கு ஒத்திவைக்குமே தவிர மறுக்காது. டிவிஎஸ் 50க்கும் டைட்டனுக்கும் கிடைத்த வரவேற்பை நிறுவனங்கள் மறுபடி விரும்பினால், அந்தப் பொத்தானுக்கு முதலில் மறுக்கும் அதிகாரத்தைத் தரட்டும்.