கொம்பு தனியே, எழுத்து தனியே: தமிழ் வலைப்பூக்கள் தோற்றம் பெற்ற கதை



நம் சங்கத்தின் இணையப் பக்கத்துக்குப் புதுத் தோற்றம் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்ததும், வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று மாதிரிகள் வந்து விழுந்தன. அதன் பிறகு இரண்டு நாள் விவாதம் முழுக்கப் பின்னணி பச்சையா நீலமா என்பதிலேயே போய்விட்டது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வரி எங்கே உடைய வேண்டும், கன்னடமும் தெலுங்கும் படிக்கும் வீடுகளுக்கு என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழில் முதன்முதலாக வலைப்பூ தொடங்கியவர்கள் இந்தக் கேள்விகளோடுதான் மல்லுக்கட்டினார்கள். ஓட்டுப் போடும் முன் அந்தக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

இணையத்தில் தமிழ் தெரிந்ததே முதலில் பெரிய காரியம். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியது. அதன் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பத்திரிகைகளும் இணையத்துக்கு வந்தன. ஆனால் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஒரு தளத்தில் 'அ' இருந்த இடத்தில் இன்னொரு தளத்தில் வேறு எழுத்து. அந்தத் தளத்துக்கான எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால், திரையில் ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாப், டாம் என்ற குறியாக்கங்களை ஏற்றது. மடற்குழுக்களில் இருந்தவர்களோ டிஸ்கி என்ற இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். இவை எல்லாமே தமிழும், மிஞ்சினால் ஆங்கிலமும் மட்டும் கொள்ளும் சின்ன டப்பாக்கள். மூன்று மாநிலங்கள் கூடும் நம் வேப்பனப்பள்ளியைப் போன்ற ஊரில், ஒரே பக்கத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் வைக்க நினைத்தால் அன்றைக்கு வழியே இல்லை.

வழி திறந்தது யூனிகோடால். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய இந்த முறை 1991லேயே வந்துவிட்டது. வீட்டுக் கணினிக்கு வந்து சேரத்தான் தாமதம். விண்டோஸ் 2000இல் தமிழுக்கு 'லதா' எழுத்துரு வந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தெலுங்குக்கு 'கௌதமி'யும் கன்னடத்துக்குத் 'துங்கா'வும் சேர்ந்தன. எழுத்துருவுக்கு ஆற்றின் பெயர் வைக்கும் யோசனை யாருடையதோ, நன்றாகவே இருக்கிறது. ஆனால் எக்ஸ்பியில் இவை தாமாக வேலை செய்யாது. கட்டுப்பாட்டுப் பலகத்துக்குப் போய், மொழி அமைப்பில் ஒரு கட்டத்தில் குறியிட்டு, கேட்கும்போது விண்டோஸ் குறுந்தகட்டையும் போட வேண்டும். குறுந்தகடு கையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இந்த நிலையில்தான் 2003இல் தமிழ் வலைப்பதிவுகள் தொடங்குகின்றன. பிளாகர் சேவை 1999 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிறந்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. காசு வேண்டாம், நிரல் தெரிய வேண்டாம், மின்னஞ்சல் இருந்தால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. பெயர் கொடுத்து, வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுதத் தொடங்கிவிடலாம்.

கோளாறு ஒளிந்திருந்தது அந்த வார்ப்புருவில்தான்.

2004 மே மாதம் பிளாகர் தன் வார்ப்புருக்களை முழுவதும் புதுப்பித்தது. அமெரிக்காவின் பேர்பெற்ற வலை வடிவமைப்பாளர்கள் பலர் அதில் வேலை செய்தார்கள். அவற்றில் டக்ளஸ் போமன் வடிவமைத்த 'மினிமா' உலகம் முழுக்கப் பரவியது. வெள்ளைப் பின்னணி, நடுவில் 410 புள்ளி அகலத்தில் கட்டுரை, வலப்பக்கம் 220 புள்ளி அகலத்தில் பக்கப்பட்டை. ஆங்கிலத்தில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். என் கணிப்பில் அந்தக் காலத்தின் மிக நல்ல வடிவமைப்புகளில் ஒன்று அது. ஆனால் அதைச் செய்தவர்கள் மனதில் இருந்தது இருபத்தாறு எழுத்துகள் மட்டுமே.

பக்கப்பட்டைத் தலைப்புகளையே எடுத்துக்கொள்வோம். எழுத்தின் அளவு வழக்கமானதில் 78 சதவீதம். எல்லாம் பெரிய எழுத்தாக மாற வேண்டும் என்று ஒரு கட்டளை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட இன்னொரு கட்டளை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது என்பதால் முதல் கட்டளையால் கெடுதல் இல்லை. இடைவெளிக் கட்டளைதான் வம்பு. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ அது 'க' என்ற மெய்யுரு, அதன்மேல் ஏறும் ஓர் உயிர்க்குறி. திரையில் அது கொம்பு, க, கால் என மூன்று துண்டாக வரையப்படும். நடுவில் இடைவெளி விடச் சொன்னால் சில உலாவிகள் அந்த மூன்றையும் மூன்று திசைக்குத் தள்ளிவிடும். கொம்பு தனியே, எழுத்து தனியே, கால் தனியே. படிப்பவர் எழுத்துப்பிழை என்றே நினைப்பார். அளவும் 78 சதவீதம்; ஆங்கில எழுத்து தாங்கும் அந்தச் சிறுமையில் 'ண'வின் சுழிகளை எண்ணிப் பார்க்க முடியாது.

இரண்டு ஓரமும் சமமாக வருமாறு வரிகளை இழுத்து நிறுத்தும் வழக்கம் இன்னொரு தொல்லை. அச்சுப் புத்தகத்தில் பார்த்துப் பழகியதால் நம்மவர்களுக்கு அதில் தனி ஆசை. பழைய ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அப்படி நிறுத்திய தமிழ் வரிகள் சிதறிப் போயின. உயிர்க்குறிகள் புள்ளி வட்டத்தோடு அனாதையாக நின்றன. 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகே இது சரியானது. அதுவரை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அழகாகத் தெரிந்த பதிவு ஃபயர்ஃபாக்ஸில் உடைந்து தெரியும். எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் தன் கணினியில் மட்டுமே பார்த்திருப்பார். இன்றைக்கு உடையாது. ஆனாலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒன்றோடொன்று புணர்ந்து இன்னும் நீள்பவை. கைபேசியின் குறுகிய அகலத்தில் இரண்டு ஓரத்தையும் சமப்படுத்தினால் ஒரு வரியில் இரண்டே சொல் நின்று, நடுவே மாட்டு வண்டி போகும் அளவுக்குச் சந்து விழும். நம் மூன்று மாதிரிகளில் இரண்டில் இந்தச் சந்து இருக்கிறது.

இதற்கெல்லாம் அன்றைய பதிவர்கள் என்ன செய்தார்கள்? வார்ப்புருவைத் திறந்து கையை வைத்தார்கள். வங்கி ஊழியர், ஆசிரியர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர் என்று நிரலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் எச்.டி.எம்.எல் கற்றது இப்படித்தான். எழுத்துருப் பட்டியலில் 'ஜார்ஜியா'வுக்கு முன்னால் 'லதா'வைச் சேர்த்தார்கள். 78ஐ 100 ஆக்கினார்கள். இடைவெளிக் கட்டளையை அழித்தார்கள். முந்தைய பதிவுகள், என்னைப் பற்றி, மறுமொழிகள் என்று ஆங்கிலத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். ஒருவர் செய்ததை மற்றவருக்குப் படிப்படியாக எழுதிக் கொடுத்தார்கள். 'வார்ப்புரு' என்ற சொல் பொதுப் புழக்கத்துக்குப் பரவியதில் இந்தக் கூட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இவர்களில் தனித்துச் சொல்ல வேண்டியவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு யூனிகோடுத் தமிழ் எழுத்துரு இல்லை. அவர்களிடம் போய் எழுத்துருவை நிறுவுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உமர்தம்பி 'தேனீ' என்ற யூனிகோடு எழுத்துருவை உருவாக்கி, பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் இயங்கு எழுத்துருவாகவும் அதைக் கொடுத்தார். பதிவர் தன் வார்ப்புருவில் சில வரிகளை ஒட்டினால் போதும். படிப்பவர் எதையும் செய்யாமலே தமிழ் தெரியும். அந்த உத்தி இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது என்பது உண்மை. ஆனால் அன்று பெரும்பாலோர் கையில் இருந்தது அந்த உலாவிதான். 2006இல் அவர் காலமானார். எழுத்துருவைப் பக்கமே கொண்டுவந்து தரும் அதே ஏற்பாடு 2009இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5இலும் வந்து, இன்று எல்லா உலாவிகளுக்கும் பொதுவாகிவிட்டது. நீங்கள் இப்போது திறக்கும் பல தமிழ்த் தளங்களில் கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் வருவது அந்த வழியில்தான்.

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கியபின் வடிவமைப்பில் வேறொரு அலை. சிதறிக் கிடந்த பதிவுகள் ஒரே முற்றத்தில் கூடின. வாசகர் எண்ணிக்கை கூடியது. கூடவே ஒட்டு வேலையும் கூடியது. தமிழ்மணத்தின் கருவிப்பட்டை, மற்ற திரட்டிகளின் ஓட்டுப் பொத்தான்கள், வருகை எண்ணி, கடிகாரம், பக்கத்தைத் திறந்ததும் தானாகப் பாடும் பாட்டு, சுட்டியின் பின்னாலேயே ஓடும் நட்சத்திரங்கள் என்று பக்கப்பட்டை திருவிழாக் கடைவீதி ஆயிற்று. 2006 இறுதியில் பிளாகர் புதுப் பதிப்புக்கு மாறி, பெட்டிகளை இழுத்துப் போட்டே பக்கம் அமைக்கலாம் என்றானதும் இது இன்னும் பெருகியது. அந்த மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது: பழைய வார்ப்புருவில் கையால் செய்த திருத்தங்கள் புதியதற்குக் கூடவே வரவில்லை. பார்த்துப் பார்த்துச் சரிசெய்ததை எல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. நம் பக்கத்தையும் மாற்றும் முன், பழைய கணக்கு அறிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும் எங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொள்வது நல்லது.

இருக்கும் இடத்துக்கு ஏற்ப எழுத்தை அமைப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஒய்சள வீர இராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் குந்தாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பகுதி இது. நம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பல நடுகற்களில் வீரனின் உருவத்துக்குத்தான் முதலிடம். எழுத்து தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும். கல்லை மாற்ற முடியாது, வெட்டியவர் அனுசரித்துக்கொண்டார். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாதபோதும், மூன்றாவது மாதிரியில் அடுக்ககத்தின் முகப்புப் படம் பாதித் திரையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் லாரி நேரத்தை ஓரத்தில் நெருக்கியிருக்கிறது.

இன்னொரு பழைய பழக்கமும் புது உடையில் திரும்பியிருக்கிறது. எழுத்துருவை நம்ப முடியாத காலத்தில் பலர் வலைப்பூவின் தலைப்பைப் படமாக வரைந்து ஒட்டினார்கள். அன்றைக்கு அது நியாயம். இன்று நம் அறிவிப்புகள் பாதிக்கு மேல் படமாகத்தான் வருகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. விரலால் விரித்தால் மங்கும். பார்வை குறைந்தவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலிகள் பலவும் அதன் முன்னால் வாயடைத்து நிற்கும். மொழிபெயர்ப்புக்கும் எளிதில் அகப்படாது. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத கன்னட, தெலுங்கு வீட்டுக்காரர்கள், பராமரிப்புத் தொகை பற்றிய அறிவிப்புக்கு ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அபராதத் தேதி மட்டும் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் கோரிக்கைகள் இவை. பக்கம் ஒரே பத்தியாக, இடது ஓரம் மட்டும் சீராக இருக்கட்டும். எழுத்தின் அளவை இளைஞர்களின் கண்ணை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுத்துக்குக் கீழே ஒத்தெழுத்து தொங்கும். தமிழுக்குப் போதுமான வரி இடைவெளி அவற்றுக்குப் போதாது என்பதால் அந்த இரண்டுக்கும் தனி அளவு வேண்டும். அறிவிப்பு எழுத்தாகவே வரட்டும், படம் வேண்டுமானால் கூடுதலாக வரட்டும். நிறத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மூன்று மாதிரிகளின் இணைப்பும் இந்த இதழின் முதல் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் கணினியில் பார்த்தது போதாது. வீட்டில் இருப்பதிலேயே பழைய கைபேசியில் திறந்து, வீட்டில் இருப்பதிலேயே வயதானவர் கையில் கொடுத்து, போன மாதப் பராமரிப்புக் கணக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.