காற்று வாங்கப் போன மலை

வெள்ளகவிக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைவதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரே கோயில் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, வேரும் கல்லுமாகக் கிடந்த செங்குத்துப் பாதையில் இறங்கி, முழங்கால் இரண்டும் நடுங்க நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, துணைக்கு வந்த பெரியவர் குனிந்து தம் ரப்பர் செருப்பைக் கழற்றினார். என்னையும் திரும்பிப் பார்த்தார். நானும் கழற்றினேன்.

இந்த வயதில் அங்கே உமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் அக்காவின் பொருட்டுப் போனேன் என்பதுதான் உண்மை.

அக்காவுக்குப் பல வருஷங்களாகச் சரவாங்கி. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கமாட்டா. காப்பித் தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள். "கொடைக்கானலில் ஒரு மாதம் வைத்திருங்கள். அந்தக் காற்றுக்கு எல்லாம் ஓடிப் போய்விடும்" என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். மதுரையிலிருந்து அழைத்துப் போனேன். குளிரில் மூட்டுகள் இன்னும் இறுகின. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த நேரங்களில், இந்த ஊருக்கு 'நல்ல காற்று' என்ற பெயர் எப்படி வந்தது என்று நான் விசாரிக்கத் தொடங்கினேன். அந்த விசாரணைதான் என்னை வெள்ளகவியில் கொண்டுபோய் விட்டது.

ஏனென்றால், கொடைக்கானலுக்கு முந்திய ஊர் வெள்ளகவி. மோட்டார் சாலை தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே, பெரியகுளத்துச் சமவெளியிலிருந்து மலையேறுகிறவர்கள் கும்பக்கரைப் பக்கமாக இந்த ஊர் வழியே ஏறினார்கள். 1821-ஆம் வருஷம் பழனி மலைகளை அளக்க வந்த லெப்டினென்ட் வார்டு என்ற வெள்ளைக்காரரும், குன்னுவர்களின் தலைமையிடமாக இருந்த இந்த வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறினாராம். பின்னால் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் வந்தார்கள். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் தங்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போவதைப் பார்த்துக் கலங்கிப்போயிருந்தவர்கள் அவர்கள். 1845-இல் மேலே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதுதான் கொடைக்கானல் நகரத்தின் பிள்ளையார் சுழி. தங்கத்துக்காகவோ மிளகுக்காகவோ உண்டான ஊர் அல்ல. மூச்சு விடுவதற்காக உண்டான ஊர்.

மனிதன் மட்டுமா? சூரியனைப் பார்ப்பதற்கும் அந்தக் காற்றே வேண்டியிருந்தது. சென்னையிலிருந்த வானாராய்ச்சிக் கூடத்தின் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைக்கு மாறியது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் விதத்தை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் நடப்பதைக் காட்டுகிற அளவுக்குத் தெளிந்த காற்று!

சரி, இதற்கும் அக்காவின் சரவாங்கிக்கும் என்ன சம்பந்தம்?

"என் உடம்பே என்னைக் கடிக்கிறதாம், டாக்டர் சொல்கிறார். நான் அதற்கு என்னடா பண்ணினேன்?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். டாக்டர் சொன்னது சரிதான். உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளைக் கொல்வது அதன் உத்தியோகம். அந்தப் படை வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினால், அதுதான் இந்த வகை வியாதி. உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது, அந்த எண்ணத்துக்கே அது அஞ்சும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மேதை கருதினார். அவருடைய வாக்குக்கு இருந்த மதிப்பினால் வெகுகாலம் மற்றவர்கள் வேறு விதமாக யோசிக்கவே தயங்கினார்கள். 1956 வாக்கில்தான், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கக்கூடும் என்பது அமெரிக்காவிலும் லண்டனிலும் நிரூபணமாயிற்று.

ஆனால் தொழிலாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சில வைத்தியர்களுக்கு அதற்கு முன்பே சந்தேகம் தட்டியிருந்தது. தோல் தடித்து இறுகிப்போகும் ஒரு வியாதி கல்தச்சர்களிடம் மிகுதியாக இருப்பதை 1914-இல் எடின்பரோ நகரத்து பிராம்வெல் எழுதினார். 1953-இல் கேப்ளான் என்பவர், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளில் சரவாங்கி உள்ளவர்களின் நுரையீரலில் தனி விதமான கட்டிகளைக் கண்டார். மூச்சில் போன தூசிக்கும் விரல் மூட்டுக்கும் ஏதோ உறவு இருந்தது. 2022-இல் இத்தாலியில் 81,363 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். நுண்துகள்கள் மிகுந்த காற்றை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு இந்த வகை வியாதிகள் சுமார் 12, 13 சதவிகிதம் கூடுதலாக வந்திருந்தன. காற்றுதான் காரணம் என்று இது தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. காற்றைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போதுமான முகாந்திரம் இருக்கிறது என்கிறது.

அப்படி விசாரிக்கப்பட வேண்டிய காற்று, கொடைக்கானலிலேயே இருந்தது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்த விஷயம்.

1983-இல் பாண்ட்ஸ் கம்பெனி, அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிய உஷ்ணமானித் தொழிற்சாலையைப் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. காய்ச்சல் பார்க்கும் கருவிக்குள் இருப்பது பாதரசம். பாதரசம் திறந்திருந்தால் சும்மா இராது. மணமும் நிறமும் இல்லாத ஆவியாகிக் காற்றில் கலக்கும். தொழிற்சாலை நின்றது பாம்பாறு சோலைக்கு மேலே, மலை விளிம்பில். அந்தச் சோலையின் தண்ணீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. வெள்ளகவி இருப்பதும் அந்த மலையின் தென்சரிவிலேதான்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தது வெளியாயிற்று. ஊர் ஜனங்களும் தொழிலாளிகளும் திரண்டார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. அதே வருஷம், அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள், இந்த மலை மரங்களில் படர்ந்த பாசிகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். பாசிக்கு வேர் இல்லை. காற்று கொடுப்பதைத்தான் சாப்பிடும். ஆகவே பொய் சொல்லாத சாட்சி. அதில் பாதரசம் இருந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 1.32 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டார்கள். மாசில்லாத இடங்களில் உள்ளதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு!

பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அந்தக் காவல் படையையும் அது குழப்பும் என்பது அவ்வளவாகப் பலருக்குத் தெரியாத செய்தி. பிரேஸிலில் பாதரசத்தைக் காய்ச்சித் தங்கம் பிரிக்கிறவர்களின் இரத்தத்தில், தன் உடம்பையே எதிர்க்கும் பொருள்கள் கூடுதலாக இருந்தன. கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில், 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக வியாதிக்காரர்களைச் சோதித்த வைத்தியர்கள், அவர்களில் பலர் பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளைப் பூசி வந்ததைக் கண்டார்கள். உடம்பே சிறுநீரகத்தைத் தாக்கும் வியாதி அது.

இங்கேதான் சிக்கல். பாதரசம் கொடுத்துப் பார்த்ததில் ஓர் இனத்து எலிக்கு அந்த வியாதி வருகிறது. வேறோர் இனத்து எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. மனிதர்களும் அப்படித்தான் போலும். ஒரே மேஜையில் வேலை செய்த இருவரில் ஒருவர் படுக்கையில் விழுவார். மற்றவர் தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருப்பார். "பார், இவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்று சொல்ல எத்தனை சௌகரியம்! தொழிலாளிகளின் உடல்நலத்துக்குத் தங்களால் கேடு விளையவில்லை, ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன என்றது கம்பெனி. தொழிலாளிகள் ஒப்பவில்லை. கோர்ட்டில் வருஷங்கள் ஓடின. 2016 மார்ச்சில் 591 பேர் விஷயத்தில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி கொடுத்த தொகைக்கு 'மனிதாபிமான அடிப்படை' என்று பெயர். நோய்க்குக் காரணம் யார் என்ற கேள்விக்குச் சமரசத்தில் இடம் இல்லை.

கத்தியால் குத்தியவனுக்குச் சாட்சி உண்டு. காற்றில் வந்து, பத்து வருஷம் பொறுத்திருந்து, நோயாளியின் உடம்பைக் கொண்டே நோயாளியை அடிக்கிற குற்றவாளிக்கு யார் சாட்சி? நிரூபணம் வரட்டும் என்று காத்திருப்பது நீதி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் காத்திருக்கும் காலம் முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்கள் தொழிலாளிகள்தாமே?

வெள்ளகவியில் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, மேலே மேகம் மூடிய மலை விளிம்பைப் பார்த்தேன். வெறுங்காலில் மண் குளிர்ந்திருந்தது. "கீழே இருக்கிற வெளியூர்க்காரங்களுக்கு நல்ல காத்து வேணும்னா மேலே வர்றாங்க. மேலே இருக்கிற நாங்க எங்கே போறது, சொல்லுங்க ஐயா" என்றார் துணைக்கு வந்த பெரியவர். தம் ஊர் மண்ணுக்குக் காவலாக ஒரு வழக்கத்தை வைத்து, வந்தவர் போனவர் எல்லாரையும் அதற்குப் பணிய வைத்திருக்கிற ஜனங்கள். காற்றுக்கு எல்லைக்கல் நட அவர்களாலும் முடியவில்லை.

திரும்பி வர இருட்டிவிட்டது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷம் விறகடுப்பு ஊதியவள் அவள். "அப்போ அந்தப் புகையாலேதான் எனக்கு வந்ததா?" என்று கேட்டாள். "உனக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது அக்கா" என்றேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும். காற்று இல்லாமல் எப்படிடா இருக்கிறது?" என்றாள்.